ஒரு பை சீமெந்திலிருந்து கம்பனியின் இலாபம் வரை: முன்கணிப்பு மொடல் கட்டும் முறை

உயர்தரத்தில் கணக்கீடு படித்த ஒருவருக்கு நிதிக் கூற்றுகளை வாசிக்கத் தெரியும். ஐந்தொகை சமப்படாவிட்டால் எங்கே தேடவேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பாடம் நடந்து முடிந்ததைப் பதிவது பற்றியது. வரப்போகும் ஆண்டில் ஒரு பட்டியற் கம்பனி (பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி) எவ்வளவு இலாபம் உழைக்கும் என்று கணிப்பது வேறு வேலை. அந்தக் கணிப்பை வரிவரியாகச் செய்யும் விரிதாளைத்தான் முன்கணிப்பு மொடல் என்கிறேன். அதற்கு வேண்டிய சாமான்கள் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் மாணவரின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன: ஒரு மடிகணினி, எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளம். கொழும்பில் ஒரு தரகு நிறுவன ஆய்வாளர் திறக்கும் அதே ஆண்டறிக்கையைக் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் இலவசமாகத் திறக்கலாம்.

இங்கே நான் எடுக்கும் உதாரணம் சீமெந்து. ஒரு பை என்ன விலை என்று கிழக்கில் வீடு கட்டும் எவருக்கும் தெரியும். அதோடு, திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. பயிற்சிக்கு அதன் ஆண்டறிக்கைகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கீழே வரும் எண்கள் அந்தக் கம்பனியுடையவை அல்ல. கணக்கு இலேசாக இருக்கவேண்டும் என்பதற்காக நான் வைத்துக்கொண்ட ஒரு கற்பனைக் கம்பனியின் வட்ட எண்கள்.

எதை வாசிப்பது

கடைசி ஐந்து ஆண்டறிக்கைகளையும் கடைசி எட்டுக் காலாண்டு அறிக்கைகளையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கையின் முன்பக்கப் படங்களையும் தலைவரின் செய்தியையும் பிறகு பார்க்கலாம். முதலில் நிதிக் கூற்றுகளின் பின்னால் உள்ள குறிப்புகளுக்குப் போங்கள். விற்பனை எப்படிப் பிரிகிறது, கடன் எந்த வட்டிக்கு எடுக்கப்பட்டது, எந்த நாணயத்தில் இருக்கிறது, வரி எப்படிக் கணிக்கப்பட்டது, பங்கு எத்தனை என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. அறிக்கையில் ‘குழுமம்’ என்று ஒரு நிரலும் ‘கம்பனி’ என்று ஒரு நிரலும் இருக்கும். மொடலுக்குக் குழும நிரலை எடுங்கள். துணைக் கம்பனிகளின் உழைப்பும் அதற்குள்தான் சேருகிறது. நிதியாண்டு எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். இலங்கையில் பல கம்பனிகளுக்கு மார்ச் 31, வங்கிகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் டிசம்பர் 31. இரண்டு கம்பனிகளை ஒப்பிடும்போது இதை மறந்தால் வேறு வேறு மாதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். நான்காம் காலாண்டை முழு ஆண்டிலிருந்து ஒன்பது மாதத்தைக் கழித்து எடுப்பது நல்லது, ஏனென்றால் கணக்காய்வுக்குப் பிறகு எண்கள் மாறுவதுண்டு. காசுப் பாய்ச்சல் கூற்று ஆண்டின் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும். தனிக் காலாண்டு வேண்டுமானால் அங்கேயும் கழிக்கத்தான் வேண்டும்.

எண்களை நீங்களே கையால் தட்டுங்கள். எங்கிருந்தாவது ஒட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எந்த ஆண்டில் எந்த எண் துள்ளியது என்பது மனதில் பதியாது. தட்டும்போது ‘இது ஏன் இப்படி?’ என்று நின்ற இடத்தையெல்லாம் பக்கத்தில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

தாள்களை அமைத்தல்

மூன்று தாள் போதும்: ஊகங்கள், நிதிக் கூற்றுகள், சரிபார்ப்பு. எல்லாத் தாளிலும் ஒரே ஆண்டு ஒரே நிரலில் வரட்டும். கையால் இட்ட எண் நீல நிறம், சூத்திரத்தால் வந்த எண் கறுப்பு. சூத்திரத்துக்குள் எந்த எண்ணையும் நேரடியாக எழுதக்கூடாது. வரி வீதம் 30 என்றால் அது ஊகங்கள் தாளில் ஒரே ஒரு செல்லில் இருக்கவேண்டும், நாளைக்கு மாறினால் ஒரே இடத்தில் மாற்றுவதற்கு.

விற்பனை

கடந்த ஐந்து ஆண்டின் சராசரி வளர்ச்சி வீதத்தை எடுத்து அடுத்த ஆண்டுக்கு ஒட்டுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதைச் செய்யவேண்டாம். 2021 நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,000 ரூபாவாக இருந்த 50 கிலோ பை 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. அந்தக் காலத்தில் ஒரு சீமெந்துக் கம்பனியின் விற்பனை ரூபாவில் ஏறியிருந்தாலும், விற்ற பைகள் குறைந்திருக்கலாம். ரூபாவின் வளர்ச்சியை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு கதையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே எத்தனை பை, ஒரு பைக்குக் கம்பனியின் கைக்கு வரும் விலை என்ன என்று பிரியுங்கள்.

கைக்கு வரும் விலை என்பது கடை விலை அல்ல. கடையில் ஒரு பை 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரின் இலாபமும் லொறிக் கூலியுமாக 112 ரூபாவைக் கழித்தால் 1,888. அதற்குள் 18 வீத வற் வரி இருக்கிறது. அதை எடுக்க 18 வீதத்தைக் கழிக்கக்கூடாது, 1.18ஆல் பிரிக்கவேண்டும்: 1,600 ரூபா. விற்பனையாக வருமானக் கூற்றில் ஏறுவது இந்த 1,600தான். வற் 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்து, அதே ஆண்டில் 12, பிறகு 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. பழைய ஆண்டுகளின் கடை விலையைப் பிரிக்கும்போது அந்தந்தக் காலத்து வீதத்தைப் பாவியுங்கள்.

பைகளின் எண்ணிக்கையைக் கம்பனி வெளிப்படையாகச் சொல்லாமல் விடலாம். அப்போது பின்னோக்கிப் போகலாம்: அறிக்கையில் உள்ள விற்பனையை நீங்கள் கணித்த விலையால் பிரித்தால் ஏறத்தாழ எத்தனை பை என்று வரும். அதை ஆலையின் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். 20 மில்லியன் பை என்றால் 10 இலட்சம் தொன். ஆலையின் கொள்ளளவு அதைவிடக் குறைவு என்றால், ஒன்று உங்கள் விலை பிழை, அல்லது கம்பனி சீமெந்தை வெளியிலிருந்து இறக்கி விற்கிறது. எதுவானாலும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய விடயம்.

அடுத்த ஆண்டு எத்தனை பை? மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் கட்டுமானத் துறைச் சுட்டெண், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம், அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் வீதி, வீடமைப்புக்கு ஒதுக்கியது, வங்கி வட்டி என நாலு பக்கம் பார்க்கவேண்டும். மத்திய கிழக்கிலிருந்து வரும் காசில் எழும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்; அந்தப் பணவரவு ஏறும்போது சில மாதங்கள் கழித்து அத்திவாரம் வெட்டுவதும் கூடும்.

ஊரில் கேட்டறிவதற்கும் மதிப்புண்டு. கல்முனையிலோ ஓட்டமாவடியிலோ ஹாட்வெயார் கடை வைத்திருப்பவரிடம் எந்த மார்க் ஓடுகிறது, கழிவு (கடைக்குக் கொடுக்கும் விலைத் தள்ளுபடி) கூட்டியிருக்கிறார்களா, கடன் தவணை எத்தனை நாள் என்று கேளுங்கள். கடை விலை அசையாமல் இருக்கும்போதே கம்பனி கழிவைக் கூட்டினால் கைக்கு வரும் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தம். காலாண்டு அறிக்கையில் அது தெரிய மாதங்கள் எடுக்கும், கடைக்காரருக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் மட்டக்களப்பை வைத்து நாட்டைக் கணிக்காதீர்கள். இங்கே நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழையில் மேசன்மார் வேலை இல்லாமல் இருக்கும்போது, மேல் மாகாணத்தில் கொங்கிறீற் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. கடையில் கேட்பது வேறு, கம்பனியின் கணக்குப் பிரிவில் இருக்கும் மச்சானிடம் வெளிவராத இலாபக் கணக்கைக் கேட்டுப் பங்கு வாங்குவது வேறு. இரண்டாவது, 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் குற்றம். அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கிரயம்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

இலாபக் கணிப்பு பெரும்பாலும் உடைவது இங்கேதான். ‘கடந்த ஆண்டு விற்பனைக் கிரயம் விற்பனையில் 75 வீதம், ஆகவே அடுத்த ஆண்டும் 75’ என்று எழுதினால் மொடல் கண்ணை மூடிக்கொள்கிறது. டொலர் ஏறினாலும் அதற்குத் தெரியாது, விற்பனை சரிந்தாலும் தெரியாது.

ஒரு பையின் கிரயத்தை மூன்றாக உடைத்துப் பாருங்கள். முதலாவது டொலரோடு ஓடுவது: இறக்குமதி செய்யும் கிளிங்கர் (அரைத்துச் சீமெந்தாக்கும் மூலப்பொருள்), அதன் கப்பல் கூலி. நம் கற்பனைக் கம்பனியில் இது பைக்கு 2.60 டொலர், டொலர் 300 ரூபா என்றால் 780 ரூபா. இரண்டாவது பையோடு ஓடும் ரூபாச் செலவு: அரைக்கும் மின்சாரம், வெறும் பை, ஏற்றுகூலி. இது 270. மூன்றாவது, பை விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு: சம்பளம், பராமரிப்பு, பெறுமானத் தேய்வு (பொறிகளும் கட்டடங்களும் ஆண்டுதோறும் இழக்கும் பெறுமதி). ஆண்டுக்கு 3,000 மில்லியன். 20 மில்லியன் பையால் பிரித்தால் பைக்கு 150. மொத்தம் 1,200 ரூபா.

இந்தப் பிரிப்பைக் கம்பனி உங்களுக்குத் தட்டில் வைத்துத் தராது. பெறுமானத் தேய்வும் ஊழியர் செலவும் குறிப்புகளில் இருக்கும். மிச்சத்தைக் கிளிங்கரின் உலக விலை, கப்பல் கூலி, மின்கட்டண மாற்றம் ஆகியவற்றை வைத்து ஊகித்து, பழைய ஆண்டுகளுக்கு ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். உங்கள் ஊகங்கள் கடந்த மூன்று ஆண்டின் உண்மையான கிரயத்தை ஓரளவுக்காவது மீட்டுத் தந்தால் மட்டும் அவற்றை எதிர்காலத்துக்குக் கொண்டுபோங்கள்.

டொலரில் காலதாமதம் ஒன்றும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அப்படிப்பட்ட வேளையில் களஞ்சியத்தில் பழைய விலைக்கு வாங்கிய கிளிங்கர் கிடந்தால், புதிய விலைக்கு விற்கும்போது ஒரு காலாண்டுக்கு மொத்த இலாபம் நன்றாகத் தெரியும். அடுத்த காலாண்டில்தான் புதிய கிரயம் வந்து இடிக்கும். அதே நேரம், வெளிநாட்டு வழங்குநருக்குக் கொடுக்கவேண்டிய டொலர்க் கடன் உடனேயே நாணயமாற்று நட்டமாக நிதிச் செலவில் ஏறும். காலாண்டு மொடல் கட்டுபவர் இந்த இரண்டையும் தனி வரிகளில் வைக்கவேண்டும். ஆண்டு மொடல் என்றால் சராசரி நாணயமாற்று வீதம் போதும்.

வட்டி, வரி

விநியோக, நிர்வாகச் செலவுகளைப் பணவீக்கத்தோடு சேர்த்து நகர்த்தினால் தொடக்கத்துக்குப் போதும். வட்டியில் கவனம் வேண்டும். இலங்கைக் கம்பனிகளின் ரூபாக் கடன்கள் பல, மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு கட்டப்பட்டவை. அது 2022 முடிவில் 27 வீதத்தை ஒட்டியிருந்தது, 2024 முடிவில் 9 வீதமளவுக்கு இறங்கியது. ஒரு பை கூட விற்காமலே இலாபம் ஏறக்கூடிய அளவு மாற்றம் அது. ஆண்டுத் தொடக்கக் கடன் 8,000 மில்லியன், வட்டி 10 வீதம் என்றால் நிதிச் செலவு 800 மில்லியன். சராசரிக் கடனில் வட்டி கணிப்பது இன்னும் சரியானது, ஆனால் அப்போது இலாபம் கடனையும் கடன் இலாபத்தையும் தேடி எக்செல் வட்டமடிக்கும். பழகும் வரை தொடக்கக் கடனே போதும்.

கம்பனி வருமான வரி 2022 ஒக்டோபரிலிருந்து பொதுவாக 30 வீதம். அதற்கு முன் உற்பத்திக் கம்பனிகளுக்கு 18. வீதம் ஏறிய ஆண்டில் ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பும் (பிற்காலத்தில் கட்டவேண்டியதாகக் கணக்கில் வைத்திருக்கும் வரி) புதிய வீதத்தில் திரும்பக் கணிக்கப்பட்டு, ஒரேயடியாக இலாபத்தைத் தின்றிருக்கும். அந்த ஆண்டின் வரிச் செலவை மாதிரியாக எடுக்காதீர்கள். காணி மீள்மதிப்பு, காப்புறுதிப் பணம், பெரிய நாணயமாற்று இலாபம் போன்ற ஒருதடவை விடயங்களையும் பழைய ஆண்டுகளிலிருந்து பிரித்து வையுங்கள்.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்தால் இப்படி வரும். எண்கள் மில்லியன் ரூபாவில்:

விற்பனை, 20 மில்லியன் பை × 1,600 = 32,000
விற்பனைக் கிரயம், 20 மில்லியன் பை × 1,200 = 24,000
மொத்த இலாபம் = 8,000
விநியோக, நிர்வாகச் செலவு = 3,200
தொழிற்பாட்டு இலாபம் = 4,800
நிதிச் செலவு = 800
வரிக்கு முன் இலாபம் = 4,000
வரி, 30 வீதம் = 1,200
வரிக்குப் பின் இலாபம் = 2,800

இதைப் பங்குகளால் பிரித்தால் பங்கொன்றுக்கான உழைப்பு. வாக்குரிமையுள்ள பங்கு 250 மில்லியன், வாக்குரிமையற்ற பங்கு 100 மில்லியன் என்று வையுங்கள். டோக்கியோ சீமெந்தைப் போல இரண்டு வகைப் பங்கும் உள்ள கம்பனிகள் கொழும்பில் சில உண்டு. இலாபத்தில் இரண்டுக்கும் பங்கிருப்பதால் 350 மில்லியனால்தான் பிரிக்கவேண்டும்: 8.00 ரூபா. வாக்குரிமையுள்ளதை மட்டும் எடுத்தால் 11.20 என்று வரும், கம்பனி மலிவாகக் கிடைப்பதுபோலப் பொய்யாகத் தெரியும். துணைக் கம்பனிகளில் வெளியாருக்குப் பங்கிருந்தால் அவர்களுக்குரிய இலாபத்தை முதலில் கழித்துவிடுங்கள்.

ஐந்தொகையும் காசும்

இலாபத்தைத்தானே கணிக்கிறோம், ஐந்தொகை எதற்கு என்று கேட்கலாம். கடன் எவ்வளவு என்று தெரியாமல் அடுத்த ஆண்டு வட்டி தெரியாது. காசு எவ்வளவு மிஞ்சியது என்று தெரியாமல் கடன் தெரியாது. அதற்காகத்தான்.

வருமதிகளையும் (வாங்கியவர்கள் தரவேண்டியது) இருப்பையும் (களஞ்சியத்தில் உள்ளது) சென்மதிகளையும் (கம்பனி கொடுக்கவேண்டியது) நாட்களில் கணியுங்கள். கடைக்காரர்கள் சராசரியாக 30 நாளில் காசு தருகிறார்கள் என்றால், 32,000ஐ 365ஆல் பிரித்து 30ஆல் பெருக்கி 2,630 மில்லியன் என்று எழுதத் தோன்றும். ஆனால் கடைக்காரர் தரவேண்டிய காசில் வற் வரியும் இருக்கிறது, விற்பனையில் இல்லை. 1.18ஆல் பெருக்கினால் 3,104 மில்லியன். நானூற்றிச் சொச்சம் மில்லியன் வித்தியாசம், அது கடனாகத்தான் வந்து நிற்கும்.

பிறகு இலாபத்தோடு, காசாக வெளியே போகாத செலவான பெறுமானத் தேய்வைக் கூட்டி, தொழிற்படு மூலதனத்தில் (வருமதியும் இருப்பும் கழித்தல் சென்மதி) கூடியதையும் புதிய பொறிகளுக்குப் போனதையும் பங்கிலாபத்தையும் கழித்தால், மிஞ்சியது கடனை அடைக்கும் அல்லது காசாக நிற்கும். சரிபார்ப்புத் தாளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்தச் சொத்திலிருந்து பொறுப்பையும் உரிமையையும் கழியுங்கள். பூச்சியம் வரவேண்டும். வராவிட்டால் ‘ஏனையவை’ என்று ஒரு வரி போட்டுச் சமப்படுத்தாமல், ஒவ்வொரு வரியாகத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

ஆட்டிப் பார்ப்பது

8.00 ரூபா என்ற ஒற்றை எண் யாருக்கும் பெரிதாக உதவாது. எது அசைந்தால் அது எவ்வளவு அசையும் என்பதே பயனுள்ளது. மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒவ்வொன்றாக மாற்றுவோம்.

டொலர் 300இலிருந்து 315 ஆகிறது, கம்பனியால் விலையைக் கூட்ட முடியவில்லை. பைக்கு 39 ரூபா கூடும், 780 மில்லியன் போகும், வரிக்குப் பின் பங்கொன்றுக்கான உழைப்பு 8.00இலிருந்து 6.44 ரூபாவாக இறங்கும். ஐந்து வீத நாணயத் தேய்வு இலாபத்தில் ஏறத்தாழ ஐந்திலொன்றை எடுத்துவிட்டது. பைகள் ஐந்து வீதம் கூடுகின்றன என்றால், கூடுதல் ஒரு மில்லியன் பைக்கும் தலா 1,600 கழித்தல் 780 கழித்தல் 270, அதாவது 550 ரூபா மிஞ்சும், பங்குக்கு 9.10. கைக்கு வரும் விலை வெறும் இரண்டு வீதம், அதாவது 32 ரூபா, இறங்கினால் 640 மில்லியன் போய் 6.72.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலையில் இரண்டு வீதம் செய்யும் சேதத்தைச் சரிக்கட்ட பைகளில் ஐந்து வீத வளர்ச்சிகூடப் போதவில்லை. ஆகவே இந்தக் கம்பனியைப் பின்தொடர்பவர் கட்டுமானச் செய்திகளைப் பார்ப்பதைவிடக் கழிவையும் டொலரையும் பார்ப்பதில் கூடுதல் நேரம் செலவழிக்கவேண்டும். கிரயத்தை 75 வீதம் என்று எழுதியிருந்தால் இது எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

சீமெந்து இல்லாவிட்டால்

பாசிக்குடாவில் ஹோட்டல் நடத்தும் கம்பனி என்றால் அலகு பை அல்ல, அறை-இரவு. 60 அறை, ஜூலை முதல் செப்ரெம்பர் வரை 92 இரவு, 75 வீத நிரப்பு, அறைக்கு 25,000 ரூபா: 103.5 மில்லியன். இதை நான்கால் பெருக்கி ஆண்டு விற்பனை என்று எழுதக்கூடாது. கிழக்கின் கடற்கரைக்கு ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரைதான் காலம். மாரியில் தெற்குக் கரை நிறையும்போது நம் கரை வெறிச்சோடும். இரண்டு கரையிலும் ஹோட்டல் வைத்திருக்கும் கம்பனிக்குத் தனித்தனியாகக் கணிக்கவேண்டும். அறைகளை டொலரில் விற்கும் ஹோட்டலுக்கு ரூபா விழுந்தால் நன்மை, சீமெந்துக்கு நேர் எதிர். 2019 ஏப்ரல் தாக்குதல், கொரோனா, 2022 நெருக்கடி என்று தொடர்ந்து வந்ததால் அந்த ஆண்டுகளின் சராசரி ஹோட்டல்களுக்கு ஒன்றுக்கும் உதவாது.

கோழித்தீவனம் செய்யும் பட்டியற் கம்பனிகளுக்குச் சோளத்தின் விலைதான் அச்சாணி. அம்பாறை மாவட்டத்தில் பெரும்போகச் சோளம் அறுவடையாகும்போது விலை எப்படிப் போகிறது, அரசு இறக்குமதி அனுமதிப்பத்திரம் எவ்வளவுக்குக் கொடுக்கிறது என்பதை அங்குள்ள விவசாயிகளும் வியாபாரிகளும் கொழும்புக்கு முன்னமே அறிவார்கள்.

காலாண்டு அறிக்கை வரும்போது

முதல் மூன்று காலாண்டுகளின் அறிக்கைகள் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் வரவேண்டும். அது வரும் நாளுக்கு முன் உங்கள் கணிப்பை ஒரு தனிப் பிரதியாகச் சேமித்து, கோப்பின் பெயரில் திகதியை இட்டு மூடிவிடுங்கள். பிறகு அதைத் தொடவேண்டாம். அறிக்கை வந்ததும் வரிவரியாக ஒப்பிடுங்கள்: பை, விலை, டொலர்க் கிரயம், வட்டி, வரி. இறுதி இலாபம் பொருந்தியது என்பதற்காகச் சந்தோஷப்படவேண்டாம். விலையில் கூடுதலாகவும் கிரயத்தில் கூடுதலாகவும் பிழைத்து இரண்டும் ஒன்றையொன்று அழித்திருக்கலாம். எந்த வரி தொடர்ந்து ஒரே பக்கம் பிழைக்கிறதோ அந்த ஊகத்தை மட்டும் திருத்தி, ஏன் திருத்தினீர்கள் என்று பக்கத்துச் செல்லில் ஒரு வசனம் எழுதிவிட்டு, அடுத்த காலாண்டுக்குப் புதிய பிரதியைத் திறவுங்கள்.